ஆவரங்கரையில் நாலு சதவீதம்

இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் என்று டாக்ஸி டிரைவர் சொல்லி எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. சார்ஜரின் சின்னத் திரையோ இருபது நிமிஷம் என்று காட்டியது. எட்டு நிமிஷத்தில் ரெண்டுதான் குறைந்திருக்கிறதென்றால் மிச்சம் இருபதும் குறைய எண்பது நிமிஷம் ஆகும் என்று சண்முகவடிவின் மனசு கணக்குப் போட்டது, அப்படியெல்லாம் இருக்காது, மெஷின் அதன் போக்கில் எதையாவது காட்டும் என்று அவளே அதை அழித்தாள், அழித்த இடத்திலேயே மறுபடி எண்பது வந்து நின்றது. இப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. எண்பதைக் கூட்டினால் பன்னிரண்டு ஐம்பத்தைந்து, அதற்கப்புறம் இவள் காருக்கு அரை மணி நேரமாவது சார்ஜ் ஏறவேண்டும், இங்கிருந்து தூத்துக்குடி இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர், ரெண்டு மணிக்குப் பதவி உயர்வுக் கலந்தாய்வின் மதியப் பிரிவு, பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் வரவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். வரவில்லை என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் அங்கே ஒரே அர்த்தம்தான். ஏசியை அணைத்திருந்தாள். கண்ணாடியை இறக்கினால் ஆடிக் காற்று கரிசல் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் கொட்டியது, ஏற்றினால் மூச்சு முட்டியது, பாதி இறக்கி வைத்தாள், அந்தப் பாதி வழியாக மண்ணும் வந்தது, மூச்சும் முட்டியது. எதிரே திரையில் நாலு சதவீதம் என்று சிவப்பில் எரிந்தது, பக்கத்திலேயே, இனி மெல்லத்தான் ஓடும் என்கிற ஒரு ஆமைப் படம். அந்த ஆமையை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் வண்டி ஓட்டும்போது ஆமை வருவதில்லை.

ஆவரங்கரை பெரிய ஊர் இல்லை. கோவில்பட்டியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு ரேஷன் கடை, தீக்குச்சி அடுக்குகிற ரெண்டு தீப்பெட்டி ஆபீஸ், ஒரு நூற்பாலையின் பூட்டிய கேட், அதைத் தாண்டி ரோட்டோரமாகத் தகரக்கூரை போட்ட ஒரு மெஸ், மெஸ்ஸை ஒட்டிய காலி இடத்தில் இந்த சார்ஜர். ரெண்டு குழாய் உள்ள சார்ஜர்தான். ஒரு குழாயை அரிசிச் சாக்கால் சுற்றிச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள், அதன்மேல் பழுது என்று கையால் எழுதிய அட்டை. எழுதி எத்தனை நாள் ஆனதோ, மை வெளுத்துப் போயிருந்தது. இன்னொரு குழாய் டாக்ஸியில் சொருகியிருந்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலைகள். ஒவ்வொன்றும் பனைமரத்தைப் போல நாலு மடங்கு, மூன்று கையையும் விரித்துக்கொண்டு சுற்றின, சுற்றின, இந்த ஆடி மாதம் முழுக்கச் சுற்றும், இங்கே உண்டாகிற கரண்டெல்லாம் கம்பியேறி எங்கெங்கோ போகிறது, அதன் காலடியில் இவள் நாலு சதவீதத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பில் சொல்லியிருக்கிறாள், மரபுசாரா ஆற்றல் வளங்கள், ஒன்பதாம் வகுப்பு, தமிழ்நாட்டின் காற்றாலைகள் எங்கெங்கே உள்ளன, குறித்துக் காட்டுக. பதினேழு வருஷமாக அதே பள்ளி, அதே மாடி வகுப்பு, அதே நிலப்படம்.

காலையில் பதினான்கு சதவீதம் இருந்தது. பதினான்கைப் பார்த்ததும் இறங்கியிருக்க வேண்டும். நேற்று முழுக்கப் பராமரிப்பு என்று மின்வெட்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் திருநெல்வேலி போய்விட்டு வந்து சொருகாமல் விட்டிருந்தார், ராத்திரி சொருகலாம் என்றால் எதுக்கு இப்போ என்று கேட்பார், நாளைக்கு எங்கேயும் போகலையே என்பார், போகலையே என்று இவளும் சொல்லவேண்டி வரும். உடம்பு சரியில்லை, நாளைக்குப் பள்ளிக்கு லீவு என்று சொன்ன ஒரு பொய்க்குமேல் இன்னொரு பொய் வேண்டாம் என்றுதான் சொருகவில்லை. அவர் பாலிடெக்னிக்குக்கு ஸ்கூட்டரில் கிளம்பி, தெருமுனை திரும்பி, அதற்கப்புறமும் அரை மணி நேரம் சும்மா சமையல்கட்டில் நின்றுவிட்டு, பத்தே முக்காலுக்குக் காரை எடுத்தாள். பஸ்ஸில் போகலாம் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவர் தம்பியின் செல்போன் கடை, கல்லாவில் உட்கார்ந்தபடியே ஸ்டாண்டுக்குள் போகிற வருகிற ஆளையெல்லாம் பார்க்கிற கண் அவனுக்கு. காரில் போனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாளே, அதை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருந்தது. காரில் போனால்தான் தெரியும். வண்டியைக் கிளப்பினால் அவர் போனில் டிங் என்று ஒரு சத்தம் வரும். வண்டி எங்கே நிற்கிறது என்று மேப்பில் நீலப்புள்ளி காட்டும். ஏசி ஓடுகிறதா, கதவு பூட்டியிருக்கிறதா, எல்லாம் காட்டும். போன மாதம் ஒருநாள் மார்க்கெட்டில் இறங்கிக் காய் வாங்கிக்கொண்டிருக்கும்போது போன் பண்ணினார், "வடிவு, கதவைப் பூட்டாமப் போயிட்ட. ஒண்ணும் பதறாத, நான் இங்கருந்தே பூட்டிட்டேன்" என்றார். தாங்க்ஸ்ங்க என்று இவள் சொன்னாள். கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடுவில் நின்று தாங்க்ஸ் சொன்னாள்.

அது ஞாபகம் வந்ததும் இப்போது கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. திறந்தது. திறக்காமல் என்ன செய்யும். ஆனாலும் வலது காலை வெளியே எடுத்துத் தரையில் ஊன்றி வைத்துக்கொண்டாள், சேலை மடிப்பில் மண் ஏறினால் ஏறட்டும். ஏன் அவர் இன்னும் போன் பண்ணவில்லை? வண்டி கிளம்பி முக்கால் மணி நேரத்துக்கு மேலாகிறது. சத்தம் வந்திருக்காது, போன் சைலண்டில் இருந்திருக்கும். அட்மிஷன் சமயம், ஆபீஸ் மேனேஜர் மேஜையைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள், போனைப் பார்க்க நேரம் இருந்திருக்காது. இல்லை, பார்த்திருப்பார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார். திட்டுகிற மனுஷன் இல்லை அவர், இருபத்து மூன்று வருஷத்தில் ஒருதரம்கூடக் குரல் உயர்ந்ததில்லை, அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், தங்கமான மனுஷன் டீச்சர் உங்க வீட்டுக்காரர், கேஸ் புக் பண்றதுலேருந்து உங்க பி.எஃப். வரைக்கும் எல்லாத்தையும் அவரே பார்த்துக்கிடுதாரு, நீங்க குடுத்து வச்சவங்க. ஆமா, என்பாள். எல்லாமே அவர் நம்பரில்தான். பாங்க், ஆதார், ரேஷன் கார்டு, இவள் சம்பளக் கணக்கு. எனக்கெதுக்குங்க இந்தத் தலைவலி என்று சொன்னதும் இவள்தான், கல்யாணமான முதல் வருஷத்தில், அப்போது அது எவ்வளவு சுகமாக இருந்தது, ஒருத்தர் நமக்காக வரிசையில் நிற்கிறார் என்பது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் முதல்தரம் தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தபோது அவர்தான் கடிதத்தை டைப் செய்து கொண்டுவந்தார். எனது குடும்பச் சூழ்நிலை காரணமாக மேற்கண்ட பதவி உயர்வை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ரெண்டாவது தரம். தேதி மட்டும்தான் மாறியிருந்தது. குடும்பச் சூழ்நிலை, குடும்பச் சூழ்நிலை. வீட்டில் ரெண்டு பேர், பிள்ளை இல்லை, மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது, இதில் சூழ்நிலை என்று எதைச் சொல்வது? "நமக்கு ரெண்டு பேருதானே வடிவு, யாருக்காக ஓடிச் சம்பாதிக்கப் போற" என்றார் அவர், பிரியமாகத்தான் சொன்னார், அவள் தலையைக்கூடத் தடவினார். யாருக்காக. அந்தக் கேள்வி உள்ளே எங்கேயோ தூண்டில் முள்ளாகப் பாய்ந்து வளைந்து நின்றது, இழுத்தால் கிழியும் என்று இவளும் இழுக்காமல் விட்டுவிட்டாள். தலைமையாசிரியர் ஆகவேண்டும் என்று பெரிய ஆசையெல்லாம் இல்லை, அதுதான் உண்மை. ஆசையென்று ஒன்று இருந்தால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். போன வாரம் பள்ளிக்கு வந்த பட்டியலில் வரிசை எண் நாற்பத்தாறில் தன் பெயரைப் பார்த்தபோது ரெண்டு தரம் விரல் வைத்துப் படித்தாள், அவ்வளவுதான். வீட்டில் சொல்லவில்லை. சொல்லாத முதல் நாள் பயமாக இருந்தது, ரெண்டாம் நாள் பழகிவிட்டது, மூன்றாம் நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பார்த்துக்கொண்டே நின்றாள், உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று, அது அவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்ததில் அவளுக்கே அருவருப்பாகிவிட்டது.

"அக்கா, வாங்க, எடுத்துட்டேன்."

டாக்ஸி டிரைவர் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாற்பது வயசிருக்கும், சட்டைப் பையில் இசக்கிராஜ் என்று பேர்ப்பட்டை குத்தியிருந்தது. மணி பதினொன்று ஐம்பதுதான். எண்பது நிமிஷமும் இல்லை, இருபது நிமிஷமும் இல்லை.

"எனக்கு எண்பது பர்சன்ட் வரைக்கும் போதும்க்கா, நீங்க காத்துக்கிட்டு இருக்கீங்கன்னுதான் எடுத்துட்டேன். எங்க போறீங்க, தூத்துக்குடியா?"

"ஆமா."

"இங்க விட்டா வழியில வேற எங்கயும் கெடையாது. இது ஒண்ணை நம்பித்தான் நாங்க எல்லாம் ஓட்டிக்கிட்டு இருக்கோம். ஆப் இருக்குல்லக்கா போன்ல?"

"இருக்கு, இருக்கு."

"காசு ஏத்தி வச்சிருக்கீங்களா? சிலபேரு இங்க வந்து நெட்வொர்க் கிடைக்காம அல்லாடுவாங்க."

"எல்லாம் இருக்குங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. பள்ளியில் பிள்ளைகள் பாடம் படிக்காமல் வந்துவிட்டு எல்லாம் தெரியும் டீச்சர் என்று தலையாட்டுமே, அதே வேகத்தில் ஆட்டினாள். அவர் குழாயை அவள் காரில் தானே சொருகிவிட்டு, சரிக்கா என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சத்தமே இல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆப் போனில் இருந்தது, போன வாரமே இறக்கி வைத்திருந்தாள், தன் நம்பரைப் போட்டுத் தன் பெயரைப் போட்டு. உள்ளே போனால் காசு ஏற்றவும் என்றது. ஜிபே இல்லை; ஜிபே வேண்டுமென்றால் பாங்கில் கொடுத்த நம்பர் இந்த போனில் இருக்கவேண்டும், பாங்கில் கொடுத்த நம்பர் அவருடையது. கைப்பையில் தாளாகப் பணம் இருந்தது. மெஷினுக்குத் தாள் போடுகிற வாய் இல்லை. கார்டு இருந்தது, அவள் கார்டு, அவள் பெயர் பொறித்தது, சம்பளக் கணக்குக்கானது. கார்டு நம்பரைப் போட்டால் ஓடிபி வரும். ஓடிபி எங்கே வரும் என்று தெரியும். தெரிந்தும் பதினாறு எண்ணையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள், தேதியைத் தட்டினாள், பின்னால் இருக்கிற மூன்று எண்ணைத் தட்டினாள், செலுத்து என்ற பச்சைப் பொத்தானுக்குமேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த இசக்கிராஜிடம் கேட்டிருக்கலாம். தம்பி, உங்க போன்லேருந்து போட்டுவிடுங்க, இந்தாங்க பணம், என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அதற்கு ஏன் வாய் வரவில்லை? முன்பின் தெரியாதவரிடம் கேட்டால் என்ன நினைப்பார், வாத்தியாரம்மாவுக்கு ஒரு போனில் காசு போடத் தெரியவில்லையா என்று நினைப்பார், நினைத்தால் என்ன, இனிமேல் அவரை எங்கே பார்க்கப் போகிறாள். பள்ளியில் யாரிடமாவது கேட்கலாம், கேட்டால் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரியும், எங்கே நிற்கிறீர்கள் டீச்சர், தனியாகவா, சாருக்குத் தெரியாதா. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சொருகிய குழாயின்மேல் ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, வண்டி வந்துவிட்டது, குழாய் வந்துவிட்டது, கரண்டு அந்த இரும்புப் பெட்டிக்குள் வந்து நிற்கிறது, தலைக்குமேல் காற்றாலைகள் ஹூம் ஹூம் என்கின்றன, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆறு எண் மட்டும் இல்லை, அந்த ஆறு எண் இன்னொருத்தர் சட்டைப்பையில் இருக்கிறது. பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு பத்து. திரை தானாக அணைந்தது, மறுபடி பதினாறு எண்ணையும் முதலிலிருந்து தட்டினாள். விரலை வைத்தாள். பச்சைப் பொத்தான் அமுங்கிவிட்டது. அமுக்கினாளா, பட்டுவிட்டதா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போன் அடித்தது.

"வடிவு."

"சொல்லுங்க."

"ஒரு ஓடிபி வந்திருக்கு" என்றார். குரல் எப்போதும்போல மெதுவாக இருந்தது, பின்னால் யாரோ ஃபீஸ் ரசீதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சார்ஜ் போடுறியா?"

"ஆமாங்க."

"வண்டி ஆவரங்கரைல ஒரு மணி நேரமா நிக்குதுன்னு பாத்துட்டேதான் இருந்தேன். நீயா சொல்லுவேன்னு நெனச்சேன். சாப்டியா?"

"இல்லை."

"தூத்துக்குடிதானே?"

ஆப்பில் ஓடிபி கேட்கிற கட்டத்துக்குக் கீழே நொடிகள் குறைந்துகொண்டிருந்தன, நூற்றிருபது, நூற்றுப் பத்தொன்பது. "ஆமா" என்றாள்.

"உங்க லிஸ்ட்டை நான் போன வாரமே பாத்துட்டேன்மா. நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் சம்சாரத்துக்கும் அதுல பேர் இருக்கு, அவர் அனுப்பிச்சார். நாற்பத்தாறு." கோபம் வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதுல என்ன ஒளிக்கிறதுக்கு இருக்கு. நீ தனியாப் போய் அங்க டென்ஷனாகி நிக்கவேண்டாம். அங்கயே இரு. நான் இங்க ஆபீஸ்ல கருணாகரன் வண்டியைக் கேட்டிருக்கேன், அரை மணி நேரத்துல வந்துருவேன். ரெண்டு பேருமா சேர்ந்தே போய் எழுதிக் குடுத்துட்டு, அப்படியே துறைமுகத்துப் பக்கம் ஏதாவது நல்ல ஓட்டல்ல சாப்பிட்டு வருவோம். லெட்டரையும் டைப் பண்ணி வச்சிருக்கேன்."

"நம்பரைச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்குமா, நான்தான் வர்றேனே. நான் வந்து போடுறேன். வெயில்ல நிக்காத, உள்ள உக்காரு. ஏசியை நான் போட்டுவிடவா?"

"வேண்டாம்" என்றாள், சத்தமாக. வைத்துவிட்டாள். கட்டத்துக்குக் கீழே எண்பத்திரண்டு, எண்பத்தொன்று என்று ஓடிக்கொண்டே இருந்தது, பூச்சியத்துக்கு வந்தது, காலாவதியாகிவிட்டது, மீண்டும் அனுப்பவா என்று கேட்டது.

போன வாரமே தெரியும். அவள் சாப்பாடு போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாளே அப்போதும் தெரியும். அவளிடம் இருந்த அந்த ஒன்றும் முதலிலேயே அவரிடம்தான் இருந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தையும் அவர் பார்த்துக்கொண்டுதான் ரசம் ஊற்றச் சொல்லியிருக்கிறார். காதுக்குள் ஏதோ இரைந்தது, காற்றாலையா, ரத்தமா. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உட்கார்ந்தால் அவர் உட்காரச் சொன்னபடி ஆகும். நின்றால் அவர் வந்து பார்க்கும்போது பாவம், வெயிலிலேயே நின்றிருக்கிறாள் என்று ஆகும். அரை மணி நேரத்தில் வருவார். வந்து தண்ணீர் பாட்டில் நீட்டுவார். குடிப்பாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்ற இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுவாள், பேனாவும் அவரே கொண்டுவருவார், நல்ல ஓட்டலில் மீன் இருக்கும், முள்ளை எடுத்துவிட்டு அவள் தட்டில் வைப்பார். இதில் எந்த இடத்தில் நின்று இவர் கெட்டவர் என்று சொல்வது? யாரிடம் சொல்வது? சொன்னால் யாருக்குப் புரியும், எனக்கு முள் எடுத்த மீன் வைக்கிறார் என்று போய் யாரிடம் அழுவது?

"என்னம்மா, ரொம்ப நேரமா நிக்கிறீய? கரண்டு ஏறலியா?"

மெஸ்காரம்மா. அறுபது வயசு இருக்கலாம், சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், கையில் ஈரம். இவ்வளவு நேரம் உள்ளே பாத்திரச் சத்தமாக மட்டுமே இருந்தவர்.

"ஏறலைங்க. காசு போட முடியலை."

"அது அப்படித்தான், அந்த எழவு மெஷினு. போன மாசம் ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போறவங்க, பட்டுச்சேலையோட நாலு மணி நேரம் இங்கயே கெடந்தாவ. உள்ள வாங்க, மோர் தாரேன்."

"ரெண்டு மணிக்குத் தூத்துக்குடியில இருக்கணும்" என்றாள். அதை உரக்கச் சொன்னது இதுதான் முதல் தரம். சொன்னதும் கண்ணில் நீர் முட்டியது, மண் விழுந்ததுபோல முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "ஹெட்மிஸ்ட்ரஸ் வேலைக்கு. பேரு கூப்பிடுவாங்க."

மெஸ்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார்.

"அதுக்கு இது எதுக்கும்மா? பன்னெண்டு நாப்பதுக்கு எட்டயபுரத்துலருந்து வார பஸ்ஸு இருக்கே. கை காமிச்சா இங்கயே நிப்பாட்டுவான். ஒண்ணேமுக்காலுக்கெல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டுல கொண்டு விட்ருவான்."

சண்முகவடிவு ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். பஸ். ஒரு மணி நேரமாக இந்த ரோட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே கோவில்பட்டி ஸ்டாண்டோடு மனசில் பூட்டிக்கொண்டுவிட்டது. பூட்டினது யார்? அவர் இல்லை. அவர் தம்பிகூட இல்லை, அவன் பாட்டுக்குக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். உடனே அடுத்த பயம் எழுந்து வந்தது: காரை என்ன செய்வது? நடுரோட்டில் விட்டுவிட்டா போவது? அவர் வந்து பார்த்தால்? சார்ஜரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அடுத்தவர் வந்தால்? பூட்டிவிட்டுப் போனாலும் அவரால் அங்கிருந்தே திறக்க முடியும், திறக்கட்டும், அவர் வண்டியும்தானே, ரெண்டு பேர் வண்டிதானே. வீட்டுக்குச் சாயந்தரம் போகவேண்டுமே. போகத்தான் வேண்டும். போய், கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். மெஸ்காரம்மா கொண்டுவந்து கொடுத்த மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், குடித்தது நினைவில்லை, டம்ளர் காலியாக இருந்தது.

"உங்க பேரு என்னங்க?"

"மரியபுஷ்பம். புஷ்பம்னுவாங்க."

குழாயைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டினாள். மூன்று சதவீதமாகியிருந்தது, ஆமை அப்படியே இருந்தது. மெல்ல ஓட்டி மெஸ்ஸின் பின்பக்கம் வேலியோரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிறுத்தினாள். பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த கவரை எடுத்துக்கொண்டாள். சாவியைப் புஷ்பத்தின் ஈரக்கையில் வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் வருவாரு. சங்கரபாண்டியன்னு பேரு. வெள்ளைச் சட்டை போட்டிருப்பாரு. அவருகிட்ட குடுத்துருங்க. வரலைன்னா நான் சாயந்தரம் வந்து வாங்கிக்கிடுதேன்."

"இம்புட்டு பெரிய வண்டியவா" என்றார் புஷ்பம், சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "சரி, போங்க. அங்க வாரான் பாருங்க."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெண்டு ஊர் தாண்டியிருக்கும், போன் அடித்தது, எடுக்காமல் விட்டால் இன்னும் பயமாக இருக்கும் என்று எடுத்தாள்.

"வடிவு, வண்டி நகர்ந்து மறுபடி ஆஃப் ஆயிருக்குன்னு காட்டுதே. எங்க இருக்க?"

"பஸ்ல இருக்கேங்க."

"பஸ்லயா?" அவர் குரலில் முதல்தரமாக ஏதோ ஒன்று தட்டுத்தடுமாறியது. "காரு?"

"ஆவரங்கரைலதான் நிக்குது. சாவியைப் புஷ்பத்துகிட்டக் குடுத்திருக்கேன்."

"எந்தப் புஷ்பம்?"

"தெரியலைங்க" என்றாள். "மெஸ் வச்சிருக்காங்க. மோர் குடுத்தாங்க."

வழிநெடுகக் காற்று அடித்தது, டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார், அவள் சொன்னது அவருக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. அவள்தான் வைத்தாள். வைத்த பிறகு கம்பியை இறுக்கிப் பிடித்தாள், கம்பி நடுங்கியது, பஸ்ஸே அப்படித்தான், எல்லோர் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குள் அவள் ஓடி வந்தபோது ரெண்டு ஐந்து. காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, முப்பத்தொன்பதாம் எண் போய்க்கொண்டிருந்தது. சுவரோடு சாய்ந்து நின்றாள், யாரோ நாற்காலி நகர்த்திக் கொடுத்தார்கள், உட்கார்ந்தாள், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெள்ளைச் சட்டை ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது முகத்தைத் தேடிப் பார்த்தாள். அவர் வரவில்லை. இனி வரலாம். ஆவரங்கரையில் காரின் பக்கத்தில் நிற்கலாம், இல்லை, பாதி வழியில் இருக்கலாம், கையில் அந்தக் கடிதம் இருக்கும், மடிப்புக் கலையாமல் கவருக்குள் வைத்திருப்பார். நாற்பத்தாறு என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

"மு. சண்முகவடிவு, பட்டதாரி ஆசிரியர், சமூக அறிவியல்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடி வாசித்தார் கண்காணிப்பாளர். "போன ரெண்டு தரமும் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இந்தத் தடவையும் அப்படித்தானே மேடம்? ஃபாரம் அந்த மேஜைல இருக்கு."

வேண்டாம் என்பது வாய்க்கு எவ்வளவு பழகிய சொல்லாக இருந்தது, நாக்கு தானாகவே மேலே எழும்பியது. "இல்லை சார்" என்றாள். "எடுத்துக்கிறேன்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். "மிச்சம் இருக்கிறது பதினோரு பள்ளி. எல்லாம் கொஞ்சம் தூரந்தான். சீக்கிரம் ஒண்ணைச் சொல்லுங்க, பின்னால ஆள் நிக்காங்க."

பதினோரு ஊர்ப் பெயர். ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. எந்த ஊருக்குப் போனாலும் தினம் வீட்டுக்கு வந்துபோக முடியாது என்பது மட்டும் பார்த்ததுமே தெரிந்தது, ஏதாவது ஒரு தெருவில் ஒரு அறை, ஒரு அடுப்பு, தனியாக ஒரு சாவி. பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. பின்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் சண்முகவடிவு. "படிச்சுட்டுச் சொல்றேன்."

முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள்.